பாத்தியில் ஆடிய ஒயிலாட்டம்

பள்ளிக்கூடத்தின் கடைசி மணி அடித்து ஓய்ந்த பிறகு தொடங்குவது நமது பணி. பிள்ளைகள் வர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் நம்மிடம் இல்லை. வருகைப்பதிவு இல்லை, தேர்வு இல்லை, பிரம்பும் இல்லை. பிடித்தால் வருவார்கள், பிடிக்காவிட்டால் கடற்கரையில் கிரிக்கெட் ஆடப் போய்விடுவார்கள். ஆகவே இப்பணிக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், பயிற்சி வகுப்பில் கற்றவற்றோடு இந்தக் கிழவன் சொல்லும் ஒரு நிகழ்ச்சியையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி வகுப்பில் இது வராது. பயிற்சி நடத்துவோர் யாரும் உப்பளச் சேற்றில் இறங்கியவர்கள் அல்லர்.

நானும் அன்று இறங்கியவன் அல்லன் என்பதே இந்நிகழ்ச்சிக்கு அடிப்படை. திண்டிவனத்துக்கு மேற்கே மணிலாக் கொட்டை விளையும் ஊர் என் ஊர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. நூலகத்தில் அமர்ந்து நானாகவே தமிழ் கற்று, முதியோர் கல்வி மையங்களில் பணியாற்றி, பின்னர் மரக்காணத்தையடுத்த ஓர் உப்பளத் தொழிலாளர் சிற்றூரில் மாலைநேர இளையோர் மன்றத்தின் பொறுப்பாளராக அமர்ந்தேன். உப்பைச் சோற்றில் அறிவேன். அது விளையும் முறை எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது.

கடல் பொங்கி ஓராண்டு கழிந்து, இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டின் தைப்பொங்கலும் முடிந்திருந்த நேரம். எங்கள் மன்றக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. வெளியூர்ப் பெருமக்கள் நிவாரணமென்று அன்போடு அனுப்பிய கம்பளிச் சட்டைகள் மூட்டை மூட்டையாக உத்தரம் வரை அடுக்கப்பட்டிருந்தன. மரக்காணத்தில் கம்பளிச் சட்டை அணிபவன் காய்ச்சல்காரனாக இருக்க வேண்டும் அல்லது புத்தி பேதலித்தவனாக இருக்க வேண்டும். அவற்றைத் திருப்பி அனுப்பவும் மனமில்லை. யாருக்கும் கொடுக்கவும் வழியில்லை.

மாசி மாதத்தில் விழுப்புரத்தில் இளையோர் கலைவிழா நடக்கவிருந்தது. அதில் ஒயிலாட்டம் ஆடுவதற்கு எங்கள் பிள்ளைகளைப் பழக்க, பொம்மையார்பாளையத்திலிருந்து ஒரு நடன மாஸ்டர் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். பொழுது சாய்ந்த பிறகும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத மனிதர். ஆயினும் தாளத்தில் புலி. அவருக்கு வேண்டியது ஒரு சமதளமான இடம். கூடத்தில் கம்பளி, வெளியிலோ மழைநீர் இன்னும் வடியாத மேடுபள்ளம்.

அப்போதுதான் ராஜமாணிக்கம் வந்தார். உப்பளத்தில் ஒரு வரிசைப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர். வெள்ளை வேட்டி, கையில் குடை.

"இடம் இல்லன்னு கவலப்படறீங்களாமே சார். நம்ம பாத்தி இருக்குதே. தட்டு மாதிரி இருக்கும். பசங்கள ஆடச் சொல்லுங்க."

"ஐயா, பாத்தி ஈரமாக அல்லவா இருக்கிறது?"

"ஈரந்தான் சார் நல்லது. காஞ்ச தரையில குதிச்சா முட்டி போயிடும். இது சப்பாத்தி மாவு மாதிரி. கால வாங்கிக்கும்."

மாஸ்டர் இறங்கி ஒரு குதி குதித்துப் பார்த்து, "சூப்பர் சாஃப்ட்டு" என்று சான்றளித்தார். மறுநாளே ஒத்திகை தொடங்கியது.

மேகலாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட பெண், வயது பதினேழு. ஆட்டத்தில் முன்வரிசை. ஒருவன் காலைத் தப்பாக வைத்தால், திரும்பிப் பார்க்காமலே, "டேய் சகாயம், அது உன் காலா, வாடகைக் காலா?" என்பாள். சகாயம் என்பவன் அவளோடு படித்தவன். எவ்வளவு வைதாலும் சிரிப்பவன். மேகலாவின் தாயார் அஞ்சலை, உப்பளக் கூலித் தொழிலாளி. மகளை விழுப்புரம் அனுப்ப அவரிடம் சம்மதம் வாங்குவதற்குள் என் செருப்புத் தேய்ந்தது.

ராஜமாணிக்கத்தின் கலையார்வம் நாளுக்கு நாள் பெருகியது. மாலையானால் வரப்பின் மீது குடையை விரித்து அமர்ந்துவிடுவார். பிள்ளைகளுக்குச் சுண்டலும் மோரும் வரும். ஆட்டத்தில் குறுக்கிட்டு யோசனையும் சொல்வார்.

"மாஸ்டர், வரிசையாவே ஆடறாங்களே. கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போவக் கூடாதா? அந்த மூல சும்மாவே கெடக்குது."

"எந்த மூலை?" என்றார் மாஸ்டர்.

"இல்ல, கலைன்னா எல்லா மூலைக்கும் போவணும் இல்ல."

அந்த வாக்கியம் என்னை ஆட்கொண்டது. இரண்டு கூட்டங்களில் அதை மேற்கோள் காட்டிப் பேசினேன்.

ஒரு பாத்தியில் ஓரிரு நாள் ஆடினால் அடுத்த பாத்திக்கு மாற்றிவிடுவார். "ஒரே எடத்துல ஆடினா பசங்களுக்குச் சலிச்சிடும் சார்" என்பார். இளையோர் மனநூலில் இவருக்கு இத்துணைத் தேர்ச்சியா என்று வியந்தேன். இடையில் ஒரு நாள் மேகலா என்னருகே வந்து, "சார், இந்தப் பாத்தி மேட்டர்ல ஒண்ணு..." என்று தொடங்கினாள். நான் அவளை நிறுத்தி, இடமளித்தவரிடம் நன்றி பாராட்டுதல் குறித்துச் சிற்றுரை ஒன்று ஆற்றினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "சரி சார்" என்று போய்விட்டாள். மற்றொரு நாளும் வந்தாள். அன்று பொறுமை குறித்துப் பேசினேன் என்று நினைவு.

பெரியவர்கள் யாரும் இதைக் காணவில்லை. மழைக்காலம் முழுவதும் உப்பளத்தில் வேலையில்லை. பொங்கலையொட்டித் தாய்மார் அனைவரும் மேற்கே உள்ள ஊர்களுக்கு நெல்லறுக்கப் போயிருந்தனர். பாத்திகள் எல்லாம் ஆடி முடித்த சமயத்தில்தான் அவர்கள் திரும்பினர். அதற்கு அடுத்த நாள் குடியரசு நாள்.

மன்றத்தின் முன் கொடியேற்றினோம். ஒலிபெருக்கி வைத்திருந்தோம். ராஜமாணிக்கத்துக்குப் பொன்னாடை போர்த்தி, 'கலைப் புரவலர்' என்று பட்டமும் அளிப்பதென்று நானும் மாஸ்டரும் முடிவு செய்திருந்தோம். நான் பேசினேன். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றனர் முன்னோர். இவரோ உப்பு இடுகின்ற இடத்தையே நம் பிள்ளைகளுக்கு ஈந்தவர்" என்றேன். கைதட்டல் குறைவாக இருந்தது. தாய்மார் வரிசை கல்லாகச் சமைந்திருந்தது. என் தமிழ் அவர்களுக்கு எட்டவில்லை போலும் என்று கருதி, இன்னும் சற்று எளிமையாக மறுபடியும் புகழ்ந்தேன்.

பொன்னாடையின் சூட்டில் ராஜமாணிக்கம் ஒலிவாங்கியைப் பிடித்தார். "விழா முடியற வரைக்கும் என் பாத்தி உங்க பாத்தி. எவன் வந்து தடுத்தாலும் நான் கேக்க மாட்டேன். பசங்க ஆடட்டும்."

அஞ்சலை எழுந்தார். "சார், ஒரு சந்தேகம்."

"கேளுங்கள் அம்மா."

"அந்தச் சால்வைய எங்க புள்ளைங்க காலுக்கு இல்ல போத்தியிருக்கணும்?"

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். மழைத்தண்ணீர் வடிந்ததும் பாத்தியின் களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். இறுகினால்தான் உப்பில் மண் ஏறாது. ஆண்டுதோறும் அந்த மிதிப்பு வேலைதான் மழைக்காலம் கழிந்து பெண்களுக்குக் கிடைக்கும் முதல் கூலி. அதை நம்பித்தான் மழைக்காலத்துச் சமாளிப்பெல்லாம்.

"நாங்க நெல்லறுத்துட்டு வந்து பாத்தா, பாத்தி பளிங்கு மாதிரி கெடக்குது. எங்க கூலிய எங்க புள்ளைங்களே ஆடித் தீத்துட்டாங்க. நீங்க சால்வ போத்தறீங்க."

ராஜமாணிக்கம் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார். "ஏம்மா, நான் மிதிக்கவா சொன்னேன்? ஆடத்தான சொன்னேன். ஆட்டத்துல பாத்திக்கு என்னா ஆவும்? ஒண்ணும் ஆவாது."

"அப்ப எங்கள மிதிக்கக் கூப்பிடு."

"அதான் பாத்தி நல்லா இருக்குதே. எதுக்கு?"

நான் மேகலாவைப் பார்த்தேன். "ரெண்டு தடவ சொல்ல வந்தேன் சார்" என்றாள். "நீங்க பேசிட்டே இருந்தீங்க. இது சும்மா முதல் மிதி, பெரிய மிதி உங்க அம்மாங்களுக்குத்தான்னு அவரும் சொன்னாரு. நம்பிட்டோம்."

மிட்டாய் வழங்கப்பட்டது. எவரும் வாங்கவில்லை. கலைப் புரவலர் மட்டும் இரண்டு எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மாலை மன்றத்தில் பெண்பிள்ளைகள் ஒருவரும் இல்லை. பையன்கள் சிலர் கம்பளி மூட்டைகளின் மேல் கால்களைத் தொங்கப்போட்டு அமர்ந்திருந்தனர். பிறகு மேகலா ஒரு துணிப்பையுடன் வந்தாள். உள்ளே எல்லாப் பெண்களின் சலங்கைகளும் இருந்தன.

"அம்மா குடுத்துட்டு வரச் சொல்லிச்சு சார்."

"அம்மாவின் சினம் தணியட்டும். நான் வந்து பேசுகிறேன்."

"சினம்லாம் இல்ல சார். நூல் மில்லுக்கு ஆள் எடுக்கற ஏஜெண்ட் அம்மாவ எங்க அம்மா ஞாயித்துக்கிழம வரச் சொல்லியிருக்குது. மிதிப்பு இல்லன்னா வேற வழி இல்லயாம். நான் போனா மூணு வருசம். உள்ளயே ஹாஸ்டல். நடுவுல வர விட மாட்டாங்க."

அவள் அழவில்லை. பையிலிருந்த சலங்கைகளை இரண்டிரண்டாக இணைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்ப்பதற்கு அழுகையே மேலாக இருந்திருக்கும்.

எனக்குத் தெரிந்த ஆயுதம் ஒன்றுதான். மாவட்ட ஆட்சியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். பிஞ்சுப் பாதங்களைப் பிழிந்து உப்பெடுக்கும் கொடுமை என்று தொடங்கி, இரண்டு பக்கம், அடுக்குமொழியில். பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். சகாயம் வாயைப் பிளந்து கேட்டான்.

மேகலா கேட்டாள்: "இத அனுப்பினா என்னா ஆவும் சார்?"

"விசாரணை வரும்."

"வந்தா?"

"உப்பளத்தில் பிள்ளைகளை வேலை வாங்கியதாக வழக்குப் பதிவாகும். பாத்தியைப் பூட்டி முத்திரை வைத்தாலும் வைப்பார்கள்."

"பூட்டிட்டா அம்மா எங்க போவும்? இந்த வருசம் உப்பு வாரற வேலையும் சேந்து போயிடும் இல்ல."

விண்ணப்பத்தை மடித்தேன். அவள் என்னைத் தேற்றும் தொனியில், "ரொம்ப அழகான தமிழ் சார். ஆனா வேணாம்" என்றாள்.

அடுத்து அவள் சொன்னது எனக்கு மேலும் புதிது. "ஒரு பத்து நிமிசம் வெளிய உக்காருங்க சார். நாங்க பேசிக்கறோம்."

தலைமைப் பண்பு வளர்த்தல், குழுவாக முடிவெடுத்தல் என்றெல்லாம் அதே கூடத்தில் நான் நாள்கணக்கில் வகுப்பெடுத்திருக்கிறேன். அவ்வகுப்புகளில் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். இப்போது கதவு என் முகத்துக்கு நேராகச் சாத்தப்பட்டது. உள்ளே போக வேண்டும் என்று கால் பரபரத்தது. இவர்கள் கல்லெறிய முடிவு செய்தால்? வரப்பை உடைத்தால்? பொறுப்பாளர் நான் அல்லவா? உள்ளே முதலில் சண்டை கேட்டது. பிறகு அமைதி. பிறகு சிரிப்பு. சிரிப்புதான் என்னை மிகவும் அச்சுறுத்தியது.

கதவு திறந்தது. "சார், மாஸ்டருக்குக் கட்டைக்கால் ஆட்டம் தெரியுமாம். அதக் கத்துக்கப் போறோம்" என்றான் சகாயம்.

ஆளுயரக் கழிகளைக் காலில் கட்டிக்கொண்டு ஆடும் ஆட்டம் அது. முன்னரே மாஸ்டர் அதைச் சொன்னபோது ஆபத்து என்று நான் மறுத்திருந்தேன். "விழுந்தால்?" என்றேன்.

"சேத்துல விழுந்தா ஒண்ணும் ஆவாது சார். நம்ம பாத்தியிலதான ஆடப் போறோம். விழா வரைக்கும் உங்க பாத்தின்னு அவர்தான மைக்கில சொன்னாரு."

எனக்குப் பாதி விளங்கியது. மீதிப் பாதியை விளக்க அவர்கள் முன்வரவில்லை. நான் மூன்று நிபந்தனைகள் வைத்தேன். வரப்பின் மேல் கையும் வைக்கக் கூடாது, காலும் வைக்கக் கூடாது. பெரியவரை மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொல்லக் கூடாது. நான் உடன் இருப்பேன்.

அவர்கள் ஒன்றுதான் வைத்தனர். "நீங்க வாங்க சார். ஆனா பேசக் கூடாது" என்றாள் மேகலா.

சகாயத்தின் மாமன் வேலி போட வைத்திருந்த சவுக்குக் கழிகள் கட்டைக்கால்களாயின. மாஸ்டருக்குப் பிள்ளைகளின் உள்திட்டம் எதுவும் தெரியாது. புதுக் கலையொன்றைக் கற்பிக்க வாய்த்ததில் குளிர்ந்துபோயிருந்தார். அன்றிரவும் மறுநாள் பகலும் மன்றத்தின் பின்புற மணலில் பழக்கினார். சகாயம் விழுந்த இடமெல்லாம் கம்பளி மூட்டைகளைப் பரப்பினோம். அந்த ஓராண்டில் அவை ஒருவருக்குப் பயன்பட்டது அப்போதுதான். அஞ்சலை, "ஞாயித்துக்கிழம வரைக்கும் என்னாவோ பண்ணிக்கோ" என்று மகளை விட்டிருந்தார்.

சனிக்கிழமை மாலை உப்பளத்துக்குப் போனோம். ராஜமாணிக்கம் உப்புநீர்க் கால்வாயைச் சுத்தம் செய்வித்து, மறுநாள் விடியலில் பாத்திக்குத் தண்ணீர் திறக்க ஆயத்தமாக நின்றார். பிள்ளைகள் வரிசையாக நின்று கைகூப்பினர்.

"வணக்கங்க ஐயா. ரிகர்சலுக்கு வந்திருக்கோம்."

"இன்னுமா? அதான் எல்லாப் பாத்தியும் மிதி..." என்று தொடங்கியவர் இருமினார். "அதான் எல்லாம் ஆடிட்டீங்களே."

"விழா வரைக்கும்னு சொன்னீங்களே ஐயா."

"ஆடுங்க. எவன் வேணாம்னான்? வரப்புல ஆடுங்க."

"வரப்பு மேல ஏறக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காருங்க" என்றாள் மேகலா. என் நிபந்தனை இவ்வளவு விரைவில் பயன்படும் என்று நான் எண்ணவில்லை.

சகாயத்துக்குக் கழிகளைக் கட்டி இரண்டு பேர் தூக்கி நிறுத்தினர். மாஸ்டர் பறையைத் தட்டினார். சகாயம் மிகுந்த பக்தியோடு முதற் பாத்தியில் கால் வைத்தான். சொத்தென்று கழி ஒரு சாண் இறங்கியது. பிடுங்கினான், மறுகழி இறங்கியது. தாளம் தவறாமல் அவன் பாத்தியின் குறுக்கே போய்த் திரும்பியபோது, பளிங்கு போலிருந்த பாத்தி இட்லித் தட்டாகியிருந்தது.

"டேய், எறங்குடா. பாத்தி போவுதுடா."

"இது ஆட்டம்தானங்க" என்றாள் மேகலா, வணக்கத்துக்குக் கூப்பிய கையை எடுக்காமலே. "ஆட்டத்துல பாத்திக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

"இது ஆட்டமா? பள்ளம் தோண்டறான்."

"மாஸ்டர், சகாயம் ஆடறது ஆட்டமா இல்லையா?"

மாஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்தார். "தொன்மையான கலைங்க. ஆனா இன்னும் அந்த மூலைக்குப் போவல. சகாயம், அந்த மூல."

இதற்குள் தொலைவு வரப்பில் பெண்கள் கூடிவிட்டனர். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துக் குலுங்கினர். ராஜமாணிக்கம் குடையை மடக்கி என்னிடம் விரைந்து வந்தார்.

"சார், நீங்க படிச்சவரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

தம்பி தங்கையரே, என் வாய் நிறையச் சொற்கள் இருந்தன. அறம், ஈகை, உழைப்பின் மாண்பு, எல்லாம் வரிசையில் நின்றன. அவருக்குச் சார்பாகப் பேசினால் பிள்ளைகள் தோற்பார்கள். பிள்ளைகளுக்குச் சார்பாகப் பேசினால் அது எனக்கும் அவருக்கும் நடக்கும் வழக்காகிவிடும்; எனக்குப் பணிய அவருக்கு மானம் இடம் தராது. நான் கைகளைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தேன். அவ்வளவு கடினமான வேலையை அதற்கு முன்பும் செய்ததில்லை, பின்பும் செய்ததில்லை.

அவர் மேகலாவிடம் திரும்பினார். "சரி. என்னாதான் வேணும் உனக்கு?"

"மிதிப்புங்க."

"யாருக்கு?"

"எப்பவும் மிதிக்கிறவங்களுக்கு."

"ஏன், இந்தப் பாத்தி ஓட்டைக்கா? சரி, மிதிக்கட்டும். போ."

"எல்லாப் பாத்திக்கும்ங்க. நாங்க ஆடினது ஆட்டம்னா, இன்னும் ஒரு பாத்தியும் மிதிக்கல. அது மிதிப்புன்னா, சின்னப் பசங்கள வேல வாங்கிட்டீங்க. எதுன்னு நீங்களே சொல்லுங்க. எதுவா இருந்தாலும் எங்களுக்குச் சம்மதம்."

ராஜமாணிக்கம் வானத்தைப் பார்த்தார். கால்வாயில் நிற்கும் உப்புநீரைப் பார்த்தார். அடுத்த பாத்தியின் விளிம்பில் சகாயம் ஒரு கழியைத் தூக்கியபடி அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"ஐயா, சீக்கிரம் சொல்லுங்க" என்றான். "கால் வலிக்குது. எங்கயாவது வெச்சாவணும்."

"வெக்காத. வெச்சிடாத. திங்கக்கிழம வரச் சொல்றேன்."

"நாளைக்குங்க" என்றாள் மேகலா. அப்போதுதான் அவள் குரல் சற்றுத் தடுமாறியது.

"நாளைக்கு ஞாயித்துக்கிழம. எவ வேலைக்கு வருவா?"

வரப்பிலிருந்து அஞ்சலை சொன்னார்: "நான் வருவேன்."

"சர்ச்சுல பூச முடிச்சிட்டு நானும் வந்துடறேன்" என்றார் சகாயத்தின் தாயார். "டேய், நீ எறங்குடா மொதல்ல. மாமன் கழியத் தேடிட்டு இருக்கிறாரு."

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் ஏஜெண்ட் அம்மாள் கைப்பையும் குதிகால் உயர்ந்த செருப்புமாக வரப்பு வரை வந்தார். பாத்தியில் பெண்கள் தோளோடு தோள் சேர்த்து மிதித்துக்கொண்டிருந்தனர். ராஜமாணிக்கம் குடையின் கீழே யாரையும் பாராமல் அமர்ந்திருந்தார்.

"அஞ்சல, பொண்ண ரெடி பண்ணிட்டியா?"

"இப்ப வர முடியாதுக்கா. கால் சேத்துல இருக்குது."

"நான் கேட்டது பொண்ண."

"அவ விழுப்புரம் போறா. போயிட்டு வரட்டும், பாக்கலாம்."

"மாசி கடைசியில வேன் வருது. அதுக்கு மேல எடம் இருக்காது. பாத்துக்கோ."

'பாக்கலாம்' என்ற அந்தச் சொல்லோடுதான் நாங்கள் விழுப்புரம் போனோம். வென்று வந்தால் அஞ்சலையின் மனம் இளகும் என்று நான் கணக்குப் போட்டேன். மகளைத் தனியே அனுப்ப மாட்டேன் என்று அவரும் பேருந்தில் ஏறிக்கொண்டார். பாத்திச் சேறு காலிலிருந்து இன்னும் முழுதாகப் போயிருக்கவில்லை.

பிள்ளைகள் நன்றாகவே ஆடினர். கட்டைக்கால் ஆட்டத்தை மாஸ்டர் சேர்க்கவில்லை. மேடைப் பலகை தாங்காது என்றார். ஒயிலாட்டம் மட்டும். ஆனால் சேற்றில் பழகிய கால்கள் அல்லவா? மேடையின் ஒவ்வொரு பலகையும் முறிந்துவிடும் போல அதிர்ந்தது. ஒலிவாங்கிக் கம்பம் இரண்டு முறை சாய்ந்தது.

நடுவர்களில் ஒருவர், நீண்ட அங்கி அணிந்தவர், தீர்ப்புரை வழங்கினார். "மரக்காணம் குழுவினரிடம் உழைப்பு இருக்கிறது. ஆனால் நளினம் இல்லை. இவர்கள் ஆடவில்லை, தரையை மிதிக்கிறார்கள்." எங்களுக்கு ஆறுதல் பரிசும் இல்லை.

பார்வையாளர் நடுவிலிருந்து அஞ்சலை எழுந்ததை நான் கண்டேன். தடுக்கவும் எழுந்தேன். காலம் கடந்துவிட்டது.

"ஐயா, மிதிக்கிறதுன்னா என்னான்னு தெரியுமா உங்களுக்கு? ஒரு நாள் வாங்க, எங்க பாத்தியில எறங்கிப் பாருங்க. இந்தப் புள்ளைங்க ஆடினது ஆட்டம். மிதிப்பு எதுன்னு எனக்குத் தெரியும்."

அரங்கம் சிரித்தது. நடுவர் வணக்கம் தெரிவித்து அமர்ந்துகொண்டார். மேகலா தலையைக் குனிந்துகொண்டாள். என் கணக்கு முற்றிலும் பொய்த்துப் போனதாகவே எண்ணினேன். தாயை ஊரார் சிரிக்க நிறுத்திய கலையை இனி எந்த வீட்டில் சேர்ப்பார்கள்?

இளைஞர் முன்னேற்றம் என்று நாம் திட்டமிடுகிறோம். அது எப்போது, எந்த வழியாக ஒரு வீட்டுக்குள் நுழையும் என்று திட்டத்தில் எழுத இடமில்லை. நீங்கள் செய்யக்கூடியது, நுழைகிறபோது வாசலை மறைத்துக்கொண்டு நிற்காமலிருப்பது. அதற்கே எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

திரும்பும் பேருந்தில் அஞ்சலை சன்னலோரம் அமர்ந்து, அந்த நடுவரைத் திட்டியபடி வந்தார். அவர் அங்கியைத் திட்டினார். நளினம் என்ற சொல்லைத் திட்டினார். பிள்ளைகள் முதலில் பயந்து கேட்டனர். மயிலத்தைத் தாண்டும்போது சேர்ந்து திட்டினர். திண்டிவனத்தில் வண்டி நின்றபோது ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்து, மகளிடம் முடிவாகச் சொன்னார்.

"அடுத்த வருசமும் போவணும். அந்த ஆளு சேர்ல உக்காந்திருக்கும்போதே போவணும். நீ முன்னாடி நில்லு. இன்னும் ஓங்கி ஆடு."

மேகலா சன்னலைப் பார்த்தபடி மெல்லச் சொன்னாள்: "அடுத்த வருசம் நான் மில்லுல இருப்பேன்மா."

அஞ்சலை மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"எந்த மில்லு?" என்றார்.